காட்சி 41, மாடிப்படி, பகல்

விவாகரத்து முடிந்து போகும்போது குந்திஸ்
தன் பங்காகக் குளியல் தொட்டியைக் கேட்டான்.
வார்ப்பிரும்பு. சிங்கக் கால்கள் நான்கு.
அவன் அத்தை வாங்கியது; நியாயம்தான்.

ரீகாவின் பழைய வீடுகளில் மாடிப்படிகள்
ஒல்லியான ஆட்களை நினைத்துக் கட்டியவை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
தொட்டி மாட்டிக்கொண்டது.
மேலே நான். கீழே அவன்.
ஒன்பது நாள்.

தபால்காரி அதற்குள் இறங்கி ஏறிப் போனாள்.
எதிர்வீட்டுப் பையன் அதில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டான்.
பத்து வருடம் பேசாததையெல்லாம் நாங்கள்
ஆளுக்கொரு விளிம்பில் கைவைத்துப் பேசித் தீர்த்தோம்.
பிறகு யாரோ ரம்பத்தோடு வந்து
கைப்பிடியை அறுத்தார்கள்.

முதலில் அதைத் திரைக்கதையாக எழுதினேன்.
நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும்:
தொட்டி மாட்டுகிறது. அவள் பார்க்கிறாள்.
என்ன நினைக்கிறாள் என்று எழுதக் கூடாது,
கேமராவுக்கு அது தெரியாதாம்.
தொட்டி கனம், சோபா ஆக்கு, என்றார் தயாரிப்பாளர்.
ஆக்கினேன்.
படி குறுகல், தெரு ஆக்கு.
ஆக்கினேன்.
ஏழாம் வரைவில் ஒரு சோபா
தெருவில் சும்மா கிடந்தது.
படம் வந்தபோது அதுவும் இல்லை.
திரையில் என் பெயர் ஓடுகையில்
விளக்கைப் போட்டுவிட்டார்கள்;
எல்லோரும் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாடகத்தில் நிஜத் தொட்டி கொடுத்தார்கள்.
மாடிப்படிக்குத்தான் காசில்லை.
"வசனத்திலேயே ஏறட்டும்" என்றாள் இயக்குநர் வெல்தா.
ஏறியது.
காற்றுக்கும் படி உண்டு,
ஆஸ்த்ரா மாதிரி ஒருத்தி கால்வைத்தால்.
தொட்டிக்குள் நின்று பன்னிரண்டு பக்கம் பேசுவாள்.
ஒரு பிப்ரவரி இரவு, எட்டாம் பக்கத்தில், வரி மறந்து
வெறுமனே விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.
அரங்கில் இருமல் நின்றது.
இரண்டாம் வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.
அன்று வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தை அடித்தேன்.

இருபத்தாறு முறை நடந்தது.
தொட்டியில் இப்போது கயிறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

படப்புத்தகம் என் யோசனை அல்ல.
தாக்னியாவுடையது. ஓவியக்காரி,
சட்டையெல்லாம் சதா ரப்பர் தூள்.
"முப்பத்திரண்டு பக்கம். புருஷன் வேண்டாம்,
கடல்நாய் போடுவோம்."
முந்நூறு சொல் எழுதிக் கொடுத்து
என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.
'தொட்டி பெரியது.' அதான் வரைந்துவிட்டேனே.
'கடல்நாய்க்கு வருத்தம்.' மீசையைப் பார்.
களை பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள்.
தொண்ணூற்றொன்று மிஞ்சியது.
நடுப்பக்கத்தில் ஒன்றுமில்லை:
படி, தொட்டி, ஈரம்,
மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு,
இரண்டின் அடியிலும் வெளிச்சக் கீற்று.
இருபது வருடமாய் நான் எழுதப் பார்த்தது அதுதான்.
அதில் என் எழுத்து ஒன்றுகூட இல்லை.

லியபாயா நூலகத்தில் வாசித்துக் காட்டினேன்.
நடுப்பக்கம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்க
எனக்கு இன்னும் பழகவில்லை.
முன்பல் இல்லாத ஒருத்தி கேட்டாள்:
"அது ஏன் வெளிய வரல?"
பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்தான்:
"இன்னும் குளிச்சு முடிக்கல."

ஏழு வரைவு. பன்னிரண்டு பக்கம்.
எனக்கு வராத வசனம்.

போன வாரம் குந்திஸ் கூப்பிட்டான், யெல்காவாவிலிருந்து.
இரண்டாம் கல்யாணத்து மகளுக்கு ஐந்து வயது,
தினமும் ராத்திரி அதே புத்தகம்தானாம்.
கொஞ்சம் வானிலை பேசினான்.
பின்னால் தண்ணீர் விழும் சத்தம்,
வார்ப்பிரும்பில் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும்.
பிறகு, தயங்கி:
"அந்தக் கடல்நாய் நான்தானே?"

"இல்லை," என்றேன். "நீ மாடிப்படி."

சிரித்தானா தெரியவில்லை.
யாரோ தொட்டிக்குள் குதித்தார்கள்;
போனை வைத்துவிட்டான்.